பெரிய தேர்தலும் சின்னத் தேர்தலும்



2022ஆம் ஆண்டில் செடெனாக் வட்டாரத்தில் வாழும் நாங்கள் இரண்டு முறை விரலில் மை வைத்துக்கொண்டோம். மார்ச் 12ஆம் நாள் ஜொகூர் சட்டமன்றத்துக்கு; நவம்பர் 19ஆம் நாள் நாடாளுமன்றத்துக்கு. இடையில் எட்டு மாதம். ஒரே நாளில் ஒரே பள்ளி மண்டபத்தில் இரண்டு தாள்களை வாங்கி இரண்டு பெட்டிகளில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கத்திலேயே வளர்ந்த எங்களுக்கு இது புதுமையாக இருந்தது. அந்தப் புதுமை நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி அன்றுமுதல் யோசித்து வருகிறேன். நான் அரசு ஊழியன். கட்சி பேசும் உரிமை எனக்கில்லை. தேர்தல் முறையைப் பற்றிப் பேசுவதில் தடை ஏதுமில்லை என்று நம்பி இதனை எழுதுகிறேன்.

அந்த மார்ச்சு மாதத்தில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் வெட்டு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: “வாத்தியாரே, இப்ப வர்றது பெரிய எலெக்‌ஷனா, சின்ன எலெக்‌ஷனா?”

“சின்னதுதாங்க ஐயா. ஜொகூருக்கு மட்டும்.”

“அப்ப பெருசு வரும்போது போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்கலானார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பெரியது, சின்னது என்ற அந்த அளவுகோல் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கிறது. பிரதமரைத் தேர்ந்தெடுப்பது பெரியது. மந்திரி பெசாரைத் தேர்ந்தெடுப்பது சின்னது. ஆனால் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியனின் இருக்கையிலிருந்து பார்த்தால் இந்த அளவுகோல் அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, எந்த அதிகாரம் எந்த அரசுக்கு என்று பங்கிட்டுத் தருகிறது. கல்வி கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே என் சம்பளமும், மாணவர் கையிலுள்ள பாடநூலும், தேர்வும், பள்ளிக் கட்டடத்துக்கான மானியமும் புத்ராஜெயாவிலிருந்து வருகின்றன. நிலமோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை அறிந்தோர் இந்த ஒரு சொல்லின் எடையை அறிவர். பால்மரக் காட்டு நடுவே தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் எழுந்தவை நம் பள்ளிகளில் மிகப் பல. நிலம் அரசுக்குச் சொந்தமில்லை என்பதால் ‘பாதி மானியப் பள்ளி’ என்ற பெயரோடு தலைமுறைகளைக் கடந்தவை அவை. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் வெளியேறும்போது, பள்ளியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு நாடாளுமன்றத்தில் எத்தனை முறை குரல் எழுப்பினாலும், இறுதியில் மாநில நில அலுவலகத்தின் மேசையில்தான் விடை கிடைக்கும். கோவில் நிலத்துக்கும் இடுகாட்டு நிலத்துக்கும் இதே கதைதான்.

இனிப் பள்ளியின் வாசலைத் தாண்டுங்கள். தெருவிளக்கு, குப்பை, கால்வாய், ஒட்டுக்கடை உரிமம், பக்கத்து நிலத்தில் என்ன கட்டலாம் என்ற அனுமதி ஆகிய யாவும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. எங்கள் வட்டாரத்துக்கு அது கூலாய் நகராண்மைக் கழகம். ஆக, ஒரு தமிழ்ப்பள்ளியின் கூரை ஓர் அரசின் கையிலும், அது நிற்கும் மண் இன்னோர் அரசின் கையிலும், அதன் வாசற்கால்வாய் மூன்றாவதோர் அமைப்பின் கையிலும் உள்ளன. முதல் இரண்டையும் நாம் ஒரே நாளில் தேர்ந்தெடுத்துப் பழகிவிட்டோம். மூன்றாவதை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை.

இரண்டு தாள்களும் ஒரே நாளில் கைக்கு வரும்போது என்ன நடக்கும் என்பதைப் பல பொதுத்தேர்தல்களில் கண்டிருக்கிறோம். மேடையில் பேசுவோர் பிரதமரைப் பற்றிப் பேசுவர். விலைவாசியைப் பற்றிப் பேசுவர். ஊழல் வழக்குகளைப் பற்றிப் பேசுவர். சட்டமன்ற வேட்பாளர் மேடையின் ஓரத்தில் மாலையோடு நிற்பார். அவர் எந்த நிலத்தைப் பற்றி என்ன செய்யப்போகிறார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. வாக்காளர் முதல் தாளில் எந்தச் சின்னத்தில் குறியிட்டாரோ அதே சின்னத்தை இரண்டாம் தாளிலும் தேடிக் குறியிட்டு வருவார். மாநில அரசு நம் கண்ணுக்கே தெரியாமல் அமைந்துவிடும்.

பழக்கம் என்றேனே தவிர, இது தொன்றுதொட்டு வந்த முறையன்று. விடுதலைக்குப் பின் நடந்த முதல் தேர்தல்களில், 1959ஆம் ஆண்டு, மாநிலத் தேர்தல்கள் மே, ஜூன் மாதங்களில் நடந்தன. நாடாளுமன்றத் தேர்தல் ஆகஸ்டு 19ஆம் நாள்தான் நடந்தது. அந்த இடைவெளியில் கிளந்தானையும் திரெங்கானுவையும் பாஸ் கட்சி வென்றது. 1964ஆம் ஆண்டுமுதல் தீபகற்பத்தில் இரண்டையும் சேர்த்தே நடத்தலாயினர். 1978இல் கிளந்தான் தனியாகச் சட்டமன்றத் தேர்தலைக் கண்டது ஒரு விதிவிலக்கு. சரவாக் 1979 முதல் தன் சட்டமன்றத் தேர்தலைத் தனியே நடத்தி வருகிறது. அங்குள்ள மக்கள் அதனால் குழம்பிப் போய்விடவுமில்லை.

தீபகற்பத்தில் முடிச்சு அவிழ்ந்தது 2021 நவம்பரில், மலாக்காவில். அடுத்தது ஜொகூர். பின்னர் 2022 நவம்பர்ப் பொதுத்தேர்தலோடு சேர்ந்து சட்டமன்றத் தேர்தலையும் நடத்தியவை பெர்லிஸ், பேராக், பகாங் ஆகிய மூன்றே. கெடா, கிளந்தான், திரெங்கானு, பினாங்கு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஆகிய ஆறும் 2023 ஆகஸ்டு 12ஆம் நாள் ஒன்றாக வாக்களித்தன. அறுபது ஆண்டுகளாகச் சேர்த்துக் கட்டியிருந்த மூட்டை இரண்டே ஆண்டுகளில் பிரிந்து சிதறியது.

பிரித்து நடத்தினால் மக்கள் பிரித்துச் சிந்திப்பரா? இக்கேள்விக்கு விடைதேடும்போது என் நினைவுக்கு வருவது தமிழ்நாடு. 1980 ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், அங்குள்ள 39 தொகுதிகளில் 37ஐத் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் அமைத்த கூட்டணி வாரிச் சென்றது. எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுக்கு இரண்டே இடங்கள். மக்கள் ஆதரவை இழந்துவிட்டார் என்று காரணம் காட்டிப் பிப்ரவரியில் அவரது மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாத இறுதியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதே மக்கள் அ.தி.மு.க.வுக்கு மட்டும் 129 இடங்களைத் தந்து அவரை மீண்டும் முதல்வராக்கினர். டெல்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக்கு வேறொரு கணக்கு. 1989ஆம் ஆண்டில் இதன் மறுபுறம் நிகழ்ந்தது: ஜனவரியில் தி.மு.க.வைக் கோட்டையில் அமர்த்திய தமிழ்நாடு, நவம்பரில் அதே கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூடத் தரவில்லை. எழுத்தறியாதவர்கள், சின்னத்தைப் பார்த்துக் குத்துபவர்கள் என்று அந்த மக்களை இகழ்ந்தவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளின் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும்.

இந்தியாவில் இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 1951–52 முதல் 1967 வரை அங்கே இரண்டு தேர்தல்களும் பெரும்பாலும் ஒன்றாகவே நடந்தன. பின்னர், கலைப்புகளாலும் முன்கூட்டிய தேர்தலாலும் பிரிந்தன. அவற்றை மீண்டும் சேர்க்கவேண்டும் என்று முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான சட்டத்திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமாகிக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. செலவு குறையும், ஓயாத தேர்தல் பரப்புரையால் அரசுப்பணி தடைபடாது என்பன ஆதரிப்போர் கூறும் காரணங்கள். அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆயினும் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குழுவின் அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, 2024 பிப்ரவரியில், இதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1980ஐ நினைவில் வைத்திருக்கும் மாநிலம் வேறென்ன செய்யும்?

இதுவரை படித்தவர்கள், ‘வாத்தியார் பிரித்து நடத்தும் கட்சி’ என்று முடிவு கட்டியிருப்பீர்கள். ஆம், அந்தக் கட்சிதான். ஆனால் ஜொகூரில் நடந்ததைத் தமிழ்நாட்டோடு ஒப்பிட்டு மகிழ எனக்கு மனம் வரவில்லை.

எண்களைப் பாருங்கள். மார்ச் தேர்தலில் 56 சட்டமன்றத் தொகுதிகளில் தேசிய முன்னணி 40ஐ வென்றது. பக்காத்தான் ஹராப்பானுக்குப் 12. பெரிக்காத்தான் நேஷனலுக்கு 3. மூடா கட்சிக்கு 1. நவம்பரில் இதே ஜொகூரின் 26 நாடாளுமன்றத் தொகுதிகளில் பக்காத்தான் ஹராப்பான் 14, தேசிய முன்னணி 9, பெரிக்காத்தான் நேஷனல் 2, மூடா 1. மேலோட்டமாகப் பார்த்தால் 1980இன் தமிழ்நாடு போலவே இருக்கிறது: ஜொகூர் பாருவுக்கு ஒரு கணக்கு, கோலாலம்பூருக்கு வேறொரு கணக்கு. ஆனால் மார்ச் மாதத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர். நவம்பர்ப் பொதுத்தேர்தலில் நாடெங்கும் வாக்களித்தோர் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர். ஜொகூரின் 26 இலட்சம் வாக்காளர்களில் பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மார்ச்சில் வரவில்லை. மக்கள் மனம் மாறி வேறுவிதமாக வாக்களித்தனரா, அல்லது வாக்களித்த மக்களே வேறா? இரண்டும் கலந்திருக்கும் என்பது என் கருத்து. இரண்டாவதன் பங்கு சிறியதன்று.

ஏன் வரவில்லை என்பதற்குச் செடெனாக்கில் அமர்ந்திருப்பவர் ஆய்வு நடத்தவேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் பாலத்துக்கு அப்பால் இருக்கிறார்கள். தோட்டம் தந்த கூலியில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, சிங்கப்பூரில் லாரி ஓட்டியும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். கோவிட் பெருந்தொற்றால் மூடப்பட்ட நில எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1ஆம் நாள். தேர்தல் நடந்ததோ மார்ச் 12. இருபது நாள் இடைவெளி! பதினெட்டு வயது நிறைந்தோர் அனைவரையும் தாமாகவே வாக்காளராகப் பதிவுசெய்யும் திட்டம் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்து, அதன்படி நடந்த முதல் தேர்தல் ஜொகூரில்தான் என்று பெருமை பேசினோம். அந்த இளைஞர்களுள் எத்தனையோ பேர் உட்லண்ட்ஸில் நின்றபடி இக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

என்னிடம் முன்னர்ப் படித்த ஒருவன், இப்போது அங்கே கிடங்கொன்றில் வேலை செய்பவன், பின்னர் ஒரு நாள் சொன்னான்: “சார், ஒரு வருஷத்துக்கு முன்னாடியே தேதி தெரிஞ்சா லீவு போட்டுட்டு எப்படியும் வந்துருவேன். ஒரு மாசத்துக்கு முன்னாடி சொன்னா மேனேஜர்கிட்ட என்னனு கேக்கிறது?”

இவன் சொன்னதில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் தேர்தல்களைப் பிரிப்பது வாக்காளரின் வசதிக்காக நடப்பதில்லை. நாடாளுமன்றத்தைக் கலைக்கப் பிரதமர் மாமன்னருக்கு ஆலோசனை கூறுகிறார். சட்டமன்றத்தைக் கலைக்க மந்திரி பெசார் சுல்தானிடம் ஒப்புதல் கேட்கிறார். கலைத்தபின் 60 நாள்களுக்குள் தேர்தல் நடந்தாகவேண்டும். நாள் குறிப்பவர் ஆட்சியில் இருப்பவர். அவர் தமக்கு வெல்லும் நாளைத்தான் குறிப்பார். 2022 ஜனவரியில் ஜொகூர் சட்டமன்றம் கலைக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம், முன்னாள் மந்திரி பெசார் ஒஸ்மான் சாப்பியானின் மறைவுக்குப் பின் ஆளுந்தரப்புக்கு ஒரே ஓர் உறுப்பினர் பெரும்பான்மைதான் எஞ்சியிருந்தது என்பது. அது மெய்யான காரணமே. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் மலாக்காவில் தேசிய முன்னணி பெருவெற்றி கண்டிருந்தது என்பதும் மெய்யே. ஊரடங்கும் வெள்ளமும் கண்டு களைத்திருந்த மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் யாருக்கு ஆதாயம் என்ற கணக்கைக் கட்சிக்காரர்கள் போடாமலா இருந்திருப்பர்? இன்னொரு கட்சி அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருக்கும். குற்றம் நாற்காலியில்.

ஆகவே நான் விரும்புவது பிரிப்பதை மட்டுமன்று. நாள் குறிக்கும் உரிமையை ஆள்வோரிடமிருந்து எடுத்துச் சட்டத்திடம் கொடுப்பதையும்தான். கனடாவில் கூட்டரசுத் தேர்தலும் மாநிலத் தேர்தலும் வேறு வேறு நாள்களில் நடக்கின்றன. பெரும்பாலான மாநிலங்கள் தேர்தல் நாளைச் சட்டத்திலேயே எழுதிவைத்துள்ளன. இடையில் ஆட்சி கவிழ்ந்தால் முன்கூட்டியே தேர்தல் வருவதுண்டு, அது வேறு. ஜெர்மனியிலும் மாநிலங்கள் தனித்தனியே வாக்களிக்கின்றன. சட்டமன்றத் தேர்தல் இன்ன ஆண்டு இன்ன மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று நாள்காட்டியில் அச்சாகிவிட்டால், சிங்கப்பூரிலிருக்கும் என் மாணவன் தன் மேலாளரிடம் எளிதாக விடுப்பு கேட்பான். ஒட்டுக்கடைப் பெரியவரும், ‘சின்னது’ என்று ஒதுக்கமாட்டார் என்று எதிர்பார்க்கிறேன். பழக்கமாகிவிட்டது எதுவும் சின்னதாக இருப்பதில்லை, தைப்பூசத்தைப் பாருங்கள்.

செலவைப் பற்றி ஒரு சொல். இரண்டு தேர்தலுக்கு இரண்டு செலவு என்பது உண்மை. பள்ளி மண்டபத்தைக் காலி செய்து, மேசை நாற்காலிகளை அடுக்கி, விடியற்காலையில் போய் உட்கார்ந்து, இரவுவரை எண்ணி முடிக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு மடங்கு அலுப்பு என்பதும் உண்மை. ஆண்டுதோறும் வரும் விளையாட்டுப் போட்டிக்குக்கூட நாங்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அதற்காக இரண்டாண்டுப் போட்டிகளை ஒரே நாளில் நடத்துவதில்லை.

இனிச் செடெனாக்குக்கு வருகிறேன். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் போவோருக்கு இது ஒரு வெளியேறும் வழியின் பெயர்ப்பலகை. இருபுறமும் பால்மரமும் செம்பனையுமாக இருந்த ஊர். இன்று அதே மண்ணில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவின் தரவு மையங்கள் எழும்பியுள்ளன. சன்னலில்லாத பெரும் கட்டடங்கள், இரவெல்லாம் விளக்கு, மின்சாரமும் நீரும் அள்ளிக் குடிப்பவை. 2025 ஜனவரி 7ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தின் ஒன்பது முதன்மைப் பகுதிகளில் செடெனாக்கும் ஒன்று. லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைக்கு இது கனவு போன்றது. நான் இதனை வெறுப்பவன் அல்லன். நம் பிள்ளைகள் பாலம் கடக்காமலே வேலைக்குப் போகும் நாள் வருமானால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

ஆனால் இந்த மாற்றத்தை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தம், வரிச்சலுகை, மின்சாரம் ஆகியவை கூட்டரசின் பொறுப்பு. செம்பனை நிலத்தைத் தொழில் நிலமாக மாற்றுவது மாநில அரசின் அதிகாரம். தரவு மைய விண்ணப்பங்களை ஆராய 2024ஆம் ஆண்டில் குழு அமைத்ததும் மாநில அரசே. கட்டடத் திட்டத்துக்கு அனுமதி தருவது ஊராட்சி மன்றம். தொழிலாளர் குடியிருப்பு எங்கே போகும், பழைய கோவில் நிற்குமா, பிள்ளைகள் எந்தச் சாலை வழியாகப் பள்ளிக்கு நடப்பர், லாரிகள் எத்தனை மணிக்கு ஓடலாம் என்பன போன்ற கேள்விகள் இந்த மூன்றாவது மன்றத்தில்தான் வந்து விழும். அம்மன்றத்தின் உறுப்பினர்கள் எட்டுமுதல் இருபத்து நால்வர்வரை இருக்கலாம் என்கிறது 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். அவர்களை நியமிப்பது மாநில அரசு. தேர்தல் இல்லை. அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல்களை ஒரேயடியாக முடித்துவைத்தது.

இந்த நாட்டில் வாக்குப்பெட்டி முதலில் வந்ததே ஊராட்சி மன்றத்தின் வழியாகத்தான் என்பதை இளைய தலைமுறை அறியாது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராட்சிக்கும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சிக்கும் தேர்தல் நடந்தது. முதல் கூட்டரசுத் தேர்தல் 1955இல்தான் வந்தது. 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் டி. எஸ். ராமநாதன். பின்னர் இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965 மார்ச் 1ஆம் நாள், அமைதி திரும்பும்வரை ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்படுகின்றன என்று அறிவிக்கப்பட்டது. மோதல் 1966இல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

இங்கே நம்மவர் ஒருவரின் பெயரைச் சொல்லியாகவேண்டும். ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் ம.இ.கா.வின் தலைவர்களுள் ஒருவரும் வழக்கறிஞருமான செனட்டர் ஆதி நாகப்பன். சில மன்றங்களில் நடந்த முறைகேடுகளைக் காட்டித் தேர்தலையே ஒழித்துவிட எண்ணியோருக்கு, 1968இல் முடிந்த அவ்வறிக்கை ஏமாற்றம் தந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடரவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. ஆதி நாகப்பன் மறைந்தது 1976இல். தேர்தலை ஒழித்த சட்டம் வந்ததும் அதே ஆண்டில்.

அதற்குப் பின்னரும் முயற்சிகள் நடந்தன. பினாங்கு 2012இல் தனிச்சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2018இல் ஆட்சி மாறியபோது மீண்டும் பேச்சு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரதமர் மகாதீர், இனப்பூசல் வரும் என்று கூறி அதனை மறுத்துவிட்டார். நகரத்தில் ஓரினமும் கிராமத்தில் மற்றோரினமும் மிகுந்திருக்கும் நாட்டில் அந்த அச்சத்தை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆனால் சட்டமன்றத் தேர்தலிலும் அதே மக்கள்தாம் அதே தொகுதிகளில் வாக்களிக்கிறார்கள். குப்பை வண்டியின் நேரத்தைக் குறிக்கும்போது மட்டும் அவர்கள் பூசலிட்டுக்கொள்வர் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாகக் காட்டவும் நான் விரும்பவில்லை. ஊராட்சித் தேர்தல் நடந்த நாள்களில் தோட்டத்து மக்களுக்கு அதனால் விளைந்தது மிகக் குறைவு. தோட்டம் தனியார் நிலம். சாலை துரையுடையது, குழாய் துரையுடையது, விளக்கு எரிவதும் அணைவதும் துரையின் விருப்பம். கிராணிக்கும் மண்டோருக்கும் அப்பால் மன்றம் என்ற ஒன்று இருப்பதே லயத்துக்குத் தெரியாது. நகரத்தார் வாக்குப்பெட்டியை இழந்தனர். தோட்டத்தாரோ இழப்பதற்கு ஏதும் பெறாமலே, பின்னர் நகரத்துக்கு வந்து சேர்ந்தனர். இன்று அதே தோட்டங்கள் நகராண்மைக் கழகங்களின் எல்லைக்குள் வந்துவிட்டன. வீட்டு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். வரியைக் கட்டுகிறவனுக்கு மன்றத்தில் வாக்கு இல்லை.

தமிழ்நாட்டில் இந்த மூன்றாம் தட்டுக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு. 1992இல் செய்யப்பட்ட திருத்தங்கள் அதனைத் தந்தன. இருந்தும் 2016இல் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் நாள்தான் நடந்தது. நாங்கள் ஜொகூரில் வாக்களிப்பதற்கு மூன்று வாரம் முன்பு! சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, நாளையும் எழுதவேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனாற்றான்.

செடெனாக்குக்கு மாற்றலாகி வருவதற்கு முன் வேறொரு மாநிலத்தில் ஒரு சிறிய பள்ளியில் பணியாற்றினேன். பள்ளி வாசலை ஒட்டி மூடியில்லாத ஆழமான கால்வாய் ஒன்று இருந்தது. மழைநாளில் சாலையும் கால்வாயும் ஒரே நிறத்தில் தெரியும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துவருவது எங்களுக்குப் பாடவேளைக்கு முந்திய ஒரு பாடவேளையாகவே இருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக அவ்வூர் மன்றத்துக்கு மூன்று முறை கடிதம் எழுதினோம். எங்கள் பகுதிக்குரிய உறுப்பினர் யார் என்று நேரில் சென்று கேட்டோம். பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. ஊரில் ஒருவரும் அவரைக் கண்டதில்லை. சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனபோது, மன்றத்தில் சொல்லுங்கள் என்றனர்.

நான்காம் ஆண்டில் அத்தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. நாடாளுமன்ற இடைத்தேர்தல். வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் இடையில் ஒரு காலைப்பொழுதில் லாரி வந்து நின்றது. மாலைக்குள் கால்வாய்க்குச் சிமெண்டு மூடி போட்டுவிட்டார்கள்.